காலாவதி டொமைன்: ஏலத்தில் எடுப்பதா, பேக்ஆர்டர் போடுவதா?

காலாவதியான டொமைனை, அதாவது உரிமையாளர் புதுப்பிக்காமல் விட்ட இணையதளப் பெயரை, வாங்கி விற்க முக்கியமாக இரண்டு வழி. பெயர் இன்னும் ரெஜிஸ்ட்ராரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனத்திடம்) இருக்கும்போதே கோடாடி மாதிரி இடங்களில் ஏலம் எடுக்கலாம். இல்லையென்றால், அது முழுக்க அழிந்து விழும்போது பிடித்துத் தரச்சொல்லி டிராப்கேட்ச், ஸ்னாப்நேம்ஸ் போன்றவற்றில் பேக்ஆர்டர் போடலாம். நல்ல பெயர் விழுந்ததும் நாமே பதிவதெல்லாம் டாட் காமில் நடக்காது. நூற்றுக்கணக்கான ரெஜிஸ்ட்ரார் உரிமங்களோடு அவர்கள் நிற்கும் இடம் அது.

ஏலத்துக்குச் சேர வேண்டிய பெருமை: நல்ல பெயர்களில் பெரும்பாலானவை அங்கேயே போய்விடும், டிராப் வரை, அதாவது முழுக்க அழிந்து விழும் கட்டம் வரை, வருவதே இல்லை. பழைய பதிவுத் தேதியும் மாறாது. ஆனால் கெடுவுக்குள் பழைய உரிமையாளர் பணம் கட்டினால் பெயர் அவருக்குத்தான்; நமக்குப் பணம் மட்டும் திரும்பும்.

இரண்டையும் செய்து பார்த்தபின் நான் பேக்ஆர்டர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ரினிவல், அதாவது வருடாவருடம் கட்டும் புதுப்பிப்புக் கட்டணம். டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன் ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரிலிருந்து பெயருக்கு வருடம் 10.26 டாலர். 100 பெயர் வைத்திருந்தால் வருடம் ஆயிரம் டாலருக்கு மேல். வருடத்தில் நூறுக்கு ஒன்றிரண்டு விற்றால் சரி என்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கமாகப் பேசும் கணக்கு. அப்படியானால் விற்காத 98 பெயரின் செலவையும் விற்ற இரண்டுதான் சுமக்க வேண்டும். ஏலத்தில் யாரும் எடுக்காத பெயர்கள் கிளோஸ்அவுட் என்ற தள்ளுபடி விற்பனைக்கு வந்து, விலை நாளுக்கு நாள் இறங்கும்போது கை சும்மா இருக்காது. மலிவாக இருக்கிறதே என்று அள்ளியதெல்லாம் அடுத்த வருடம் பில்லாக வந்து நிற்கும். போதாததற்கு, ஏலத்தில் வரும் பெயருக்கு ஒரு வருடம் பழைய காலாவதித் தேதியிலிருந்தே ஓடும். கையில் வரும்போதே ஒரு மாதத்துக்கு மேல் தீர்ந்திருக்கும். பேக்ஆர்டரில் பிடித்தது புதுப் பதிவு, முழு வருடம் கிடைக்கும். பெயரைப் பிடிக்க முடியாவிட்டால் காசு கட்ட வேண்டியதில்லை. பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ளக்கூடிய 30 நாளும், அதன்பின் அழிப்புக்குக் காத்திருக்கும் 5 நாளும் தாண்டி விழுந்த பெயர் என்பதால் பழைய ஆள் திரும்பி வரவும் மாட்டார்.

பதிவுத் தேதி புதிதாகிவிடுமே என்பார்கள். கடைக்காரருக்கோ கம்பெனிக்கோ விற்கும்போது அதை யாரும் கேட்பதில்லை. கூகுள் தேடலுக்காகப் பழைய பெயர் தேடுகிறவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கும் 2024 மார்ச்சில் கூகுள் காலாவதி டொமைன் முறைகேட்டை (பழைய பெயரின் மதிப்பை வைத்துத் தேடலில் மேலேறப் பார்ப்பதை) ஸ்பேம் விதிகளில் சேர்த்தபின் தயக்கம் வர நியாயம் இருக்கிறது.

எந்த வழியானாலும் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய தளத்தைப் பார்ப்பதும் டிரேட்மார்க் தேடுவதும் கட்டாயம். ஒரே பெயருக்குப் பலர் பேக்ஆர்டர் போட்டிருந்தால் டிராப்கேட்ச்சிலும் கடைசியில் ஏலம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். டாட் இன் பெயர்கள் என் கையில் குறைவு. இந்தக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.