ஒரு சென்டிமீட்டர் குறைவு: குடும்பத்தோடு ஒரு நாள், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்

திருச்சியிலிருந்து அக்கா குடும்பம் வருவது உறுதியானதும், டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் நான் செய்த வேலை ஒன்றுதான். பையனைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்து அனுப்பச் சொன்னேன். 121 செ.மீ. என்று பதில் வந்தது. எனக்கு மனசு கனத்துவிட்டது. யுனிவர்சலில் மம்மி ரைடுக்குக் குறைந்தது 122 வேண்டும். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. எட்டு வயதுப் பையன் ஆறு மாதமாக யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்தது இந்த இரண்டையும்தான்.

நான் சிங்கப்பூர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. யீஷூனில் இருக்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் யுனிவர்சல் இருக்கும் செந்தோசாத் தீவுக்குக் கூட்டிப் போவது வழக்கம் என்பதால், யுனிவர்சலுக்கு இது எனக்கு ஐந்தாவது முறை. ஒவ்வொரு முறையும் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி, "ஒரு நாள் போதுமா?" போதும். 2010இல் திறந்த இந்தப் பூங்கா பரப்பில் அவ்வளவு பெரியதில்லை. நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றிப் பகுதிகள், அவ்வளவுதான். நாளை விழுங்குவது தூரம் இல்லை, வரிசை. அதோடு, நம் வீட்டில் யாரால் எதில் ஏற முடியும் என்று தெரியாமல் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிக்கொண்டிருப்பது.

முதலில் தேதி. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நடுவருட விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கி ஜூன் மாதம் முழுக்க ஓடும். ஆக, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு மே மாதத்து முதல் மூன்று வாரம் தங்கமான நேரம். நம் பிள்ளைகளுக்கு லீவு, இங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வார நாளாகவும் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வருடம் முன்பு மாமனார் மாமியாரை ஜூன் மாதச் சனிக்கிழமை கூட்டிப் போய், ஒரே ஒரு ரைடுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றோம். நாளைத் தேர்ந்தெடுத்தது நான். மாமியாருக்கு அன்று கால் வீங்கியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. இந்த முறை என் கணவரும் நானும் மே மாதம் ஒரு புதன்கிழமை லீவு போட்டோம்.

டிக்கெட் தேதி போட்டுத்தான் வரும், விலையும் நாளுக்கு நாள் மாறும். 4 வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 வரை பிள்ளைகளுக்கான விலை. மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்பு ஒரு முறை இடைத்தரகர் ஒருவரிடம் வாங்கி, முதல் நாள் இரவு பதினோரு மணி வரை டிக்கெட் வராமல் தவித்திருக்கிறேன். நான்கைந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சத்துக்காக அந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கூட்டம் ஏழு பேர். நாங்கள் இருவர், 108 செ.மீ. உயரமுள்ள எங்கள் ஐந்து வயது மகள், அக்கா, அத்தான், பையன், அப்புறம் முழங்கால் வலியோடு அறுபத்தேழு வயது அம்மா. முதல் நாள் இரவே ஒரு தாளில் பேர் பேராக எழுதிவிட்டேன், யார் எதில் ஏறலாம், அந்த நேரம் யார் அம்மாவோடு இருப்பது என்று. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102, ஜுராசிக் பார்க் படகு 107. என் மகள் படகுக்கு ஒரு சென்டிமீட்டரில் தப்பித்தாள்.

காலையில் இட்லியை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் தோபி காட் நிலையம் போய், வடகிழக்குப் பாதைக்கு மாறி ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினோம். அங்கிருந்து செந்தோசாவுக்கு விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் ரயில் ஏறலாம், தலைக்கு 4 வெள்ளி. கடலோரமாக நடைபாதை வழியாகப் போனால் இலவசம், நகரும் பாதையும் இருக்கிறது. காற்று வாங்கிக்கொண்டு நடக்க எனக்கு அதுதான் பிடிக்கும். அம்மாவின் காலுக்காக ரயிலில் போனோம். யுனிவர்சல் வாசலில் சுழலும் பெரிய உருண்டை முன்னால் படம் எடுக்கப் பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். சாயங்காலம் எடுக்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். காலை பத்து மணிக்கு முந்திய அரை மணி நேரம் பகல் இரண்டு மணி நேரத்துக்குச் சமம்.

உள்ளே போனதும் எல்லாரும் ஹாலிவுட் தெருவில் கடை பார்த்து நிற்பார்கள். நிற்காமல் வலது கைப் பக்கம் நியூயார்க் பகுதியைத் தாண்டி சைஃபை சிட்டி பகுதிக்குப் போய்விட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸும் பேட்டில்ஸ்டாரும் பக்கத்தில் பக்கத்தில் அங்கேதான் இருக்கின்றன. அத்தானும் என் கணவரும் பேட்டில்ஸ்டாருக்குப் போனார்கள். அதில் இரண்டு தடம். சிவப்பில் உட்கார்ந்து போகலாம், நீலத்தில் கால் தொங்கத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு போகும். 2013இல் மூடி, 2015இல் புது இருக்கைகளோடு திறந்தார்கள். அத்தான் நீலத்திலிருந்து இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது, ஆனால் இன்னொரு முறை போகிறேன் என்றார்.

நானும் அக்காவும் பிள்ளைகளோடு டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஏறினோம். 3டி கண்ணாடி மாட்டிக்கொண்டு வண்டியில் போக வேண்டும். என்னைக் கேட்டால் பூங்காவிலேயே சிறந்தது இதுதான். உயரத்திலிருந்து விழுவது போன்ற இடத்தில் என் மகள் என் கையைக் கிள்ளியே விட்டாள். நகத்தடம் மறுநாளும் இருந்தது.

அப்புறம், மம்மி ரைடு இருக்கும் எகிப்துப் பகுதி. இங்கேதான் நான் பயந்தது நடந்தது. உயரக் கணக்கை அக்காவிடம் சொல்லியிருந்தேன். பையனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "அங்க போய்ப் பார்த்துக்கலாம், ஷூ போட்டா சரியாயிடும்" என்று நினைத்திருக்கிறாள். மம்மி வாசலில் அளவுகோல் பக்கத்தில் அவன் போய் நின்றான். முதுகை நிமிர்த்தினான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான், அதில் உயரம் கூடும் என்பதைப் போல. ஊழியப் பெண் குனிந்து அவன் குதிகாலைப் பார்த்தார், மெதுவாகத் தோளைத் தொட்டுப் பாதத்தைத் தரையில் வைக்கச் சொன்னார், அப்புறம் மட்டத்தைப் பார்த்தார். ஒரு விரல் அளவுகூட இல்லை குறைவு. அவர் தலையை ஆட்டிவிட்டு, அவன் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்து, அடுத்த முறை வா என்று சொன்னார். அவன் அழவில்லை. தொப்பியை மட்டும் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டான். பாதுகாப்பு பட்டைகள் உடம்புக்குச் சரியாகப் பொருந்தத்தான் இந்த அளவு. ஒரு சென்டிமீட்டர்தானே என்று யாரும் கெஞ்சக் கூடாது, கெஞ்சினாலும் விடமாட்டார்கள். அதில் எனக்கு முழு சம்மதம்.

ஆனால் இதை வீட்டிலேயே பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்து வரும் பிள்ளை வேறு எதையோ எதிர்பார்த்து வரும். தெரியாமல் வரும் பிள்ளைக்கு அந்த வாசலோடு நாள் முடிந்துவிடுகிறது.

அன்றைய நாளைத் திருப்பிக் கொண்டுவந்தது ஜுராசிக் பார்க் படகு. வட்டமான படகில் சுற்றி உட்கார்ந்து ஆற்றோடு போய், இருட்டுக்குள் படகையே லிஃப்ட் மாதிரி மேலே தூக்கி, வெளிச்சத்தில் தள்ளிவிடும். யார் நனைவார்கள் என்று சொல்ல முடியாது, படகு சுற்றிக்கொண்டே இருக்கும். அன்று முழுத் தண்ணீரும் அத்தான் மடியில். பையன் சிரித்த சிரிப்பில் தொப்பி மேலே ஏறிவிட்டது. இங்கே போக நினைப்பவர்கள் ஜீன்ஸ் போட வேண்டாம். அக்கா சுடிதாருக்குக் கீழே ஜீன்ஸ் போட்டு வந்து மாலை வரை ஈரத்தோடு நடந்தாள். மெல்லிய மழைக்கோட்டுகளை லிட்டில் இந்தியாவின் தேக்காவிலோ வீட்டுப் பக்கத்துக் கடையிலோ வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாற்றுச் சட்டை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு போதும்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுழைவுப் பகுதியிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். நான் கேட்டதும், "நான் என்ன நோயாளியா?" என்று மறுத்துவிட்டார். எகிப்து வரும்போதே கால் பின்ன ஆரம்பித்துவிட்டது. என் கணவர் ஒன்றும் பேசாமல் போய் நாற்காலியோடு திரும்பி வந்து, பைகளை எல்லாம் அதில் வைத்தார். "பையை வைக்கத்தாம்மா" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அம்மாவே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வயதானவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே எடுத்துவிடுங்கள். யாராவது ஒருவருக்கு எப்படியும் உதவும்.

அம்மாவுக்காகவே நான் நாளின் நடுவில் வைத்தது வாட்டர்வேர்ல்டு. உட்கார்ந்து பார்க்கிற நேரடிக் காட்சி. நேரம் குறித்துத்தான் நடக்கும் என்பதால் உள்ளே நுழைந்ததும் அன்றைய நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, மற்றதை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். இருபது நிமிடம் முன்னால் போனால் நடு வரிசை கிடைக்கும். முன் வரிசைகளில் தண்ணீர் அடிப்பார்கள். நெருப்பு, படகுச் சண்டை, உயரத்திலிருந்து குதிப்பது என்று போய்க்கொண்டிருக்கும்போது, சுவருக்கு மேலாக ஒரு விமானம் பாய்ந்து வந்து தண்ணீரில் விழும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள ஆள் இருக்காங்களா?" என்று மூன்று முறை கேட்டார். வீட்டுக்கு வந்தும் அதையேதான் சித்திக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி மழை. மே மாதம் இங்கே பிற்பகலில் இடிமழை சாதாரணம். மின்னல் இருந்தால் வெளியில் இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், எப்போது திரும்பத் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வானத்தின் கீழ் இருப்பதைக் காலையில் முடித்து, கூரைக்குக் கீழ் இருப்பதைப் பிற்பகலுக்கு வைப்பது என் கணக்கு. அன்று இரண்டே காலுக்குக் கறுத்துக்கொண்டு வந்தது. வானிலை காட்டும் மைஎன்வி செயலியில் மழை மேகம் நகர்வதைப் பார்த்துவிட்டு எல்லாரும் உள்ளே போய்விட்டோம். பெரியவர்கள் மம்மிக்கு மாறி மாறிப் போய் வந்தது அப்போதுதான். ஒருவர் பிள்ளையோடு நிற்க, மற்றவர் ஏறி வந்ததும் இவர் வரிசை இல்லாமல் ஏறலாம். இந்த வசதியை வாசலில் இருக்கும் ஊழியரிடம் நாமே கேட்க வேண்டும். தனியாக ஏறத் தயார் என்றால் அதற்கென்று தனி வரிசை சில ரைடுகளில் உண்டு. என் கணவர் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் இரண்டாவது முறை ஏறியது அப்படித்தான்.

வரிசையைத் தாண்ட எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மே மாத வார நாளில் தேவையே இல்லை. ஏழு பேருக்கு அந்தப் பணத்தில் இங்கே ஒரு வாரம் நன்றாகச் சாப்பிடலாம். ஜூன், டிசம்பர், சீனப் புத்தாண்டு சமயம், வேறு நாளே கிடையாது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிடுங்கள். சைவக்காரர்கள் உணவகங்களின் பட்டியலை முதல் நாளே இணையத்தில் பார்த்து முடிவு செய்துகொள்வது நல்லது. தண்ணீர் போத்தல் ஆளுக்கு ஒன்று.

மழை விட்டதும் மினியன் லேண்ட். முன்பு மடகாஸ்கர் படத்தின் பகுதி இருந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் திறந்தது. என் மகளுக்கு மற்றதெல்லாம் இதற்கு முன்னுரைதான். மஞ்சள் உருவம் ஒன்று அவள் பக்கம் குனிந்து கை ஆட்டியதும் பேச்சே வரவில்லை அவளுக்கு. பையனுக்கு இது சின்னப் பிள்ளை விஷயமாகத் தெரிந்தது. அவனை நான் ஃபார் ஃபார் அவே பகுதியில் பூட்ஸ் போட்ட பூனையின் ரோலர் கோஸ்டருக்குக் கூட்டிப் போனேன். மெதுவானதுதான், ஆனால் தொங்கிக்கொண்டு போகும். இறங்கியதும், "சித்தி, இதுவும் ரோலர் கோஸ்டர்தானே?" என்றான். ஆமாம் என்றேன். மூன்று முறை ஏறினோம். மாலை ஐந்தரைக்கு மேல் வரிசையே இல்லை. கூட்டம் கிளம்பும் அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்தை யாரும் விடாதீர்கள். உருண்டை முன்னால் படமும் எடுத்தோம், எல்லார் தலையும் கலைந்து.

போன வாரம் அக்கா ஒரு படம் அனுப்பினாள். சுவரில் டேப், பக்கத்தில் பையனின் காது, பென்சில் கோடு. 123. அடுத்த மே மாதத்துக்கு லீவு கேட்டுவிட்டேன். பேட்டில்ஸ்டாருக்கு இன்னும் இரண்டு வேண்டும்.