கிளிப் போடுவதற்கு முன் அண்ணத்தைப் பற்றிக் கேளுங்கள்

என் மகளுக்கு மேல்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்து முளைத்திருந்தன. அண்ணமும் குறுகி, கூம்பினாற்போல் உயர்ந்திருந்தது. அவளுடைய 12 வயதில் எங்கள் ஊரில் பெயர்பெற்ற ஒரு பல் மருத்துவமனையில் காட்டியபோது, மேலே இரண்டும் கீழே இரண்டுமாகச் சிறுகடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டுக் கிளிப் போட்டால் போதும் என்றும், முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயோ பல் அச்சோ எடுக்கவே இல்லை. மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுகின்றனவே, அண்ணத்தை விரிக்க வேண்டாமா என்று என் மனைவி கேட்டதற்கு, "கம்பி கட்டினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்மா" என்று முடித்துவிட்டார்கள்.

அண்ணத்தின் நடுவில் இரு எலும்புகள் சேரும் பொருத்து, வளரும் வயதில் முழுவதும் இறுகியிருக்காது. அப்போது மேல் கடைவாய்ப் பற்களில் அண்ணத்தை விரிக்கும் கருவியான எக்ஸ்பேண்டரை மாட்டி, அதன் திருகை வீட்டிலேயே சாவியால் திருப்பிவந்தால், பெரும்பாலும் ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் அது விரியும். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுவதைக் கண்டு பெற்றோர் பதறினாலும், பொருத்து திறந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். பதின்வயது கடக்கக் கடக்க இந்த வழி கடினமாகிவிடும்.

பலகையில் பெயர் இருந்த பல் சீரமைப்பு நிபுணர் எப்போதோ ஒருமுறைதான் வந்தார். மற்ற நாட்களில் கம்பியை முறுக்கியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முன்பற்கள் வரிசைக்கு வந்ததும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டினார்கள் (அதற்கு எங்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை). கடைவாயிலோ பற்கள் பழையபடி உள்ளேதான் விழுந்தன.

இப்போது அவளுக்கு 17 வயது. பல் மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்த பேராசிரியர், கம்பி பல்லைத்தான் சாய்க்கும், குறுகிய எலும்பை விரிக்காது என்றார். இனி அண்ண எலும்பிலேயே திருகுகளைப் பதித்து விரித்துப் பார்க்க வேண்டும், அதற்கும் இணங்காவிட்டால் அறுவை சிகிச்சைதான். நெருக்கத்துக்காகப் பல் பிடுங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அண்ணத்தை அளக்காமலே அதை முடிவு செய்ததைத்தான் சொல்கிறேன்.

கிளிப் போட்ட மருத்துவமனையில் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் கணினியில் அழிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். ரசீதுகளும் முதல் நாள் கைப்பேசியில் எடுத்த வாய்ப் படங்களும் எங்களிடம் இருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம்.