வீட்டிலேயே பிரித்துக் கோத்த கியர் பாக்ஸ்: மூன்று ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு

எங்களிடம் இருப்பது, முன்சக்கரங்களால் இயங்கும் ஐந்து கியர் கொண்ட ஒரு சிறிய கார். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கியபோது, மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போதெல்லாம் கறகறவென்று பல் உரசும் ஓசை எழத் தொடங்கியது. கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்றால், சின்க்ரோ (கியர் விழும் முன் சுழலும் பாகங்களின் வேகத்தை உராய்வால் சமமாக்கும் பித்தளை வளைய அமைப்பு) இல்லாத ரிவர்ஸ் கியரும் கத்தியிருக்க வேண்டும்; அது ஓசையின்றி விழுந்ததால், குறை இரண்டாம் கியரின் சின்க்ரோ வளையத்தில்தான் என்று தெளிந்து, பாக்ஸை நானே இறக்கினேன்.

வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கி, இரண்டு ஆக்ஸில்களையும் உருவி, பாக்ஸைத் தரையில் கிடத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது பித்தளைத் துகள்கள் மினுமினுத்தன. பழைய வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்தித் திருகினால் வழுக்கிச் சுற்றியது. புதியதோ ஒட்டிக்கொண்டதுபோல் பிடித்து நின்றது. பழைய வளையத்தின் உட்புற வரிகள் கூர்மை இழந்து மழுங்கியிருந்ததே காரணம். வளையத்துக்கும் கியருக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்ததில், புதியதில் 1 மி.மீ.க்குச் சற்று மேலே இருந்த இடைவெளி பழையதில் 0.3 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. பாகங்களை வாங்குவதற்கு முன் இந்த அளவை எடுத்துவிடுங்கள். எது தேய்ந்தது, எது தேயவில்லை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

தண்டோடு சுழலும் ஹப்பும், அதன் மேல் நகர்ந்து கியரைப் பூட்டும் ஸ்லீவும் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவை என்பதால், பிரிக்கும் முன் இரண்டின் மீதும் மார்க்கரால் நேர்க்கோடு போட்டேன். கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்பிப் படம் எடுத்துக்கொண்டது கோக்கும்போது பெரிதும் உதவியது. பேரிங்குகளை ஏற்ற மட்டும் லேத் பட்டறைக்குப் போனேன். "உள் வளையத்துலதான் அமுக்கணும் தம்பி, வெளி வளையத்துல அமுக்கினா குண்டு பதிஞ்சு தடம் விழுந்துடும்" என்று சொல்லி, சரியான அளவுக் குழாயை வைத்துப் பிரஸ்ஸில் ஏற்றித் தந்தார் அங்கிருந்த பெரியவர். பாக்ஸ் கீழே இருந்ததால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல்கள் ஆகியவற்றையும் மாற்றினேன்.

தவறியது ஒரே இடத்தில்தான். சக்கரங்களின் பக்கம் சுழற்சியை அனுப்பும் வெளியேற்றுத் தண்டின் பேரிங் கையால் சுற்றியபோது ஓசையில்லாமல் சுழன்றதால், அதை மட்டும் பழையதாகவே விட்டுவிட்டேன். பதினொரு மாதம் கழித்து மெல்லிய ஊளை கேட்டது. வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைந்த அந்த ஓசை, ஓட்டத்தில் கிளட்சை மிதித்தாலும் நிற்கவில்லை. மறுபடியும் இறக்கிப் பார்த்தால், பேரிங்கின் பாதையில் ஊசியால் குத்தியதுபோல் சின்னஞ்சிறு குழிகள். சுமையில்லாமல் கையால் சுற்றிப் பார்ப்பது சோதனையே அல்ல. பாக்ஸைத் திறப்பவர்கள் எல்லாப் பேரிங்குகளையும் ஒரே வேலையாக மாற்றிவிடுமாறு வலியுறுத்துகிறேன். மிச்சம் பிடித்த பணத்தைவிட, இரண்டாம் முறை வாங்கிய சீல்களுக்கும் ஆயிலுக்குமே கூடுதலாகச் செலவானது.

ஆயில் விஷயத்தில் கையேடு சொன்ன 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை) ஆகியவற்றை விட்டு நான் விலகவில்லை. ஜிஎல்-5 உயர்ந்தது என்று எண்ணிப் பலர் ஊற்றுகிறார்கள். ஆனால் பித்தளை வளையம் வேலை செய்ய உராய்வு வேண்டும், ஜிஎல்-5 ஆயிலில் கூடுதலாக உள்ள அழுத்தம் தாங்கும் சேர்மங்கள் அந்த உராய்வைக் குறைத்துவிடக்கூடும். முதல் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றினேன்.

பிரித்துக் கோத்த பிறகு இதுவரை 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மார்கழிக் காலையில் முதல் ஓரிரு நிமிடம் இரண்டாம் கியர் சற்றுக் கனமாக விழுகிறது. ஆயில் சூடேறியதும் அதுவும் போய்விடுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு, முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போதுகூட, ஓசையின்றி இறங்குகிறது. சென்ற மாதம் வடிகால் திருகைக் கழற்றியபோது, அதன் காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை மெல்லியதாய்ப் படிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒரு துகள்கூட உறுத்தவில்லை.