ஜெல், மாத்திரை, ஒரு கோடு போட்ட நோட்டு: படபடப்போடு இரண்டரை ஆண்டுகள்

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஜெல்லைத் தொடையில் தடவத் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்து நெஞ்சுப் படபடப்புக்கு அது உதவியதா என்று கேட்டால், எனக்கு உதவியது என்றுதான் சொல்வேன். ஆனால் ஓமத் தண்ணீர், பதற்ற மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் வந்து போன பிறகு நான்காவதாக வந்தது அது. முன்கதையை விட்டுவிட்டு ஜெல்லை மட்டும் சொன்னால், யாராவது நேராக மருந்துக்கடைக்குப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

வீடு வேலூர் சத்துவாச்சாரியில். வேலை ராணிப்பேட்டையில், ஷூவின் மேல்பாகம் தைக்கும் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வை. 2022 சித்திரையில், எனக்கு 47 வயது நடந்தபோது, ஓர் இரவு இரண்டரை மணிக்கு விழிப்புத் தட்டியது. முதலில் பிடரியில் சூடு ஏறியது. அது முகத்துக்குப் பரவுவதற்குள் நெஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் சத்தமே கேட்டது. எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். பதினைந்து விநாடியில் 28. நான்கால் பெருக்கினால் 112. சும்மா படுத்திருந்த உடம்புக்கு அது மிக அதிகம்.

“வாயுதான்மா, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படு” என்றார் மாமியார். கணவர் வெயிலைச் சொன்னார். அதுவும் நம்பும்படியாகவே இருந்தது. கத்திரி வெயிலில் வேலூரில் இரவு வியர்க்காதவர் யார்? மலைப்பாறைகள் பகலில் குடித்த சூட்டை விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும் ஊர் இது. ஆனால் மார்கழி வந்தது. வீட்டில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, நான் மட்டும் நனைந்த நைட்டியோடு எழுந்து மின்விசிறியைப் போட்டேன். இது வெயிலும் இல்லை, வாயுவும் இல்லை என்று அன்றுதான் எனக்கே உறைத்தது.

இடையில் ஆடி மாதம் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். இசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. வழக்கமான இசிஜி பிடிப்பது சுமார் பத்து விநாடித் துடிப்பைத்தான். இரவு இரண்டரைக்கு வருவது பகல் பதினொன்றரை மணிக்கு அதில் எப்படி விழும்? “மனக்கவலை” என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தார்கள். மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கணவர் பக்கத்தில் நின்றதால் நானும் சொல்லவில்லை. ஆண் மருத்துவரிடம் காட்டக் கணவர்கள் மறுத்ததால் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போய், 1900இல் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சை தொடங்கிய ஊர் வேலூர். அந்த ஊரில் இருந்துகொண்டு, எட்டு நாள் நிற்காமல் போகும் உதிரப்போக்கைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

2023 தையில் பார்த்த பெண் மருத்துவர் முதல் கேள்வியாகவே அதைக் கேட்டார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. தைராய்டு சரியாக இருந்தது. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், கருப்பைக்கு ஸ்கேன், பிறகு ஹோல்டர்.

ஹோல்டர் என்றால் மார்பில் ஒட்டுகள், அவற்றிலிருந்து ஒயர்கள், இடுப்பில் துடிப்பை விடாமல் பதியும் ஒரு சிறிய பெட்டி. இருபத்து நான்கு மணி நேரம் குளிக்கக் கூடாது. அதை மாட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். படபடப்பு வரும்போதெல்லாம் நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். அதற்கு வாங்கிய கோடு போட்ட நோட்டுதான் பிறகு எனக்குப் பெரிய துணையாக ஆனது. ஒரு நாளில் லட்சம் முறைக்கு மேல் துடித்த நெஞ்சில் 310 துடிப்புகள் முந்திக்கொண்டு வந்திருந்தன. எக்டோபிக் என்றார்கள். தையல் இயந்திரம் சீராக ஓடும்போது ஒரு தையல் விட்டுப்போனால் பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தத்திலேயே தெரியும். அது மாதிரிதான் இதுவும். ஒரு துடிப்பு முந்தி வருகிறது, பிறகு ஒரு சிறு நிறுத்தம், அடுத்த துடிப்பு பலமாக இடிக்கிறது. நமக்குத் ‘தூக்கிப் போட்டது’ என்று தெரிவது அந்த இடிதான். எக்கோவில் இதயம் நன்றாக இருந்ததால் என் விஷயத்தில் அது ஆபத்தில்லை என்றார். இரவு வந்த ஓட்டமோ முறை தவறாத, ஆனால் வேகமான துடிப்பு. பிடரியில் ஏறும் அந்தச் சூட்டலையோடு வருவது.

முதலில் இரும்புச்சத்து மாத்திரை. டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதால் காலை டீயை ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போட்டேன். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 11.8. படியேறும்போது வந்துகொண்டிருந்த படபடப்பு முக்கால்வாசி போய்விட்டது. ஒரே பெயரில் இரண்டு நோய்களைச் சுமந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பகலில் வந்தது ரத்தம் குறைந்ததால், இரவில் வந்தது ஹார்மோனால். நேராக ஜெல்லுக்குப் போயிருந்தால் பாதிதான் குணமாகியிருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று தூக்கி எறிந்திருப்பேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, இரவு வரிகள் மாதவிடாய்க்கு முந்தைய நான்கு நாட்களிலும் வந்த முதல் நாளிலும் கூடிக் கிடந்தன. ஈஸ்ட்ரோஜன் சரியும் நாட்கள் அவை என்றார் மருத்துவர். இந்த வயதில் அது ஒழுங்காகக் குறைவதில்லை, ஒரு மாதம் ஏறி அடுத்த மாதம் விழுகிறது. நாம் கேட்காமலே இதயத்தை ஓட்டும் நரம்புகளும், உடம்பின் சூட்டைக் காக்கும் மூளைப் பகுதியும் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆடிப்போகின்றன. படபடப்புக்கென்று மட்டும் ஹார்மோன் கொடுப்பதில்லை என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். எனக்குக் கொடுத்தது சூட்டலைக்கும் இரவு வியர்வைக்கும்தான்.

அக்கா பதறிப்போனாள். “ஹார்மோன் போட்டால் புற்றுநோய் வரும்டி” என்றாள். 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்விலிருந்து கிளம்பிய பயம் அது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது வேறு வகை ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை. 10,000 பெண்களுக்கு ஆண்டுக்கு 8 மார்பகப் புற்றுநோய்கள் கூடுதலாக வந்தன. இதையெல்லாம் மருத்துவர் ஒளிக்காமல் சொல்லி, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ இருந்ததா என்று கேட்டு, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்த பிறகே மருந்தை எழுதினார். தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகாததால், ரத்தம் கட்டும் அபாயம் மாத்திரையை விடக் குறைவு. ஜெல்லைத் தேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனியில் தொடங்கினேன். நாளுக்கு 1.25 கிராம் ஜெல், அதில் 0.75 மில்லிகிராம் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன். கருப்பை இருப்பதால், அதன் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையும் கட்டாயம். மாதத்தில் 12 இரவுகள் 200 மில்லிகிராம். இது தூக்கத்தைக் கொண்டுவரும் மருந்து. விழுங்கிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போய் ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்து பாயில் உட்கார்ந்த பிறகுதான் விழுங்குகிறேன். சில நிறுவனங்களின் மாத்திரையில் கடலை எண்ணெய் சேர்க்கிறார்கள். நம் மாவட்டத்தில் வேர்க்கடலை இல்லாத வீடு இல்லை, ஆனாலும் அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஜெல்லை இரவுக் குளியலுக்குப் பின், ஈரம் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே தடவுகிறேன். காய ஐந்து நிமிடம் ஆகும். காலையில் தடவி ஒன்பது மணிக்கே வியர்த்து ஊற்றினால் எவ்வளவு உள்ளே போனது என்று நிச்சயமில்லை. தடவி ஒரு மணி நேரமாவது ஆகும்வரை பேரக் குழந்தையைத் தொடையில் உட்கார வைப்பதில்லை, மருந்து குழந்தையின் தோலிலும் ஏறும்.

முதல் இரண்டு வாரம் மார்பு கனத்தது, படபடப்பு அப்படியே இருந்தது. நான்காம் வாரத்தில் இரவு முழுவதும் தூங்கினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு! பிறகு அளவை இருமடங்காக்கியதும் எல்லாம் திரும்பி வந்தது. நோட்டில் ஒன்பது நாளில் பதினான்கு வரிகள். மருந்தே வேண்டாம் என்று நிறுத்தும் நிலைக்கு வந்துவிட்டேன். நோட்டைக் காட்டியதும் மருத்துவர் பழைய அளவுக்கு இறக்கி, ஆறு வாரம் கழித்துப் பாதி மட்டும் கூட்டினார். அது ஒத்துக்கொண்டது. ஈஸ்ட்ரோஜன் குறைவதும் படபடப்பைத் தரும், சடாரென்று கூடுவதும் தரும். இதை யாரும் முன்பே சொல்லியிருந்தால் அந்த ஒன்பது நாளும் அழாமல் இருந்திருப்பேன். இன்னொரு முறை கடையில் சரக்கு இல்லாமல் ஒரு வாரம் விட்டுப்போனபோதும் இரவு இரண்டரை மணி திரும்பியது. இப்போது ட்யூப் பாதியானதுமே அடுத்ததை வாங்கிவிடுகிறேன். விலை இரும்பு மாத்திரையைப் போல் இல்லை, மாதச் செலவில் ஒரு வரியாகவே அது உட்கார்ந்துவிட்டது.

என் வரிசையில் தைக்கும் பெண் ஒருத்திக்கு 54 வயது. “அக்கா, எனக்கும் உங்களை மாதிரிதான், அந்த ஜெல் பெயரைச் சொல்லுங்கள்” என்றாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். வேகம் இருந்தது, ஆனால் ஒழுங்கே இல்லை. இரண்டு சேர்ந்து வந்தன, ஒன்று நின்று வந்தது, எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. பெயரைச் சொல்லவில்லை. அன்று மாலையே இசிஜிக்கு அழைத்துப் போனேன். மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வந்தது. பக்கவாதம் வராமலிருக்க இப்போது ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, நடக்கும்போதும் ஓடும்போதும் வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, மாதவிடாய்க் கணக்கெல்லாம் அப்புறம். முதலில் இதய மருத்துவர்.

எனக்கு மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால், புரோஜெஸ்ட்டிரோன் இப்போது தினமும் 100 மில்லிகிராம். ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தம், மார்பகம், மருந்து இன்னும் தேவையா என்ற கேள்வி, மூன்றையும் பார்க்கிறோம். கடந்த மாதம் நோட்டில் மூன்றே வரிகள். ஒன்று கல்யாண வீட்டில் மூன்று காபி குடித்த இரவு. மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் ‘தூக்கிப் போட்டது, ஒருமுறை, திரும்பத் தூங்கிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறேன்.