தோலுக்கு எது ஆகும்: வாசனை லெசீவா, வாசனையில்லாத் தூளா, மார்சேய் சோப்பா?

ரீயூனியன் தீவின் கிழக்கே சேன் அந்த்ரே பக்கம் ஒரு வாரம் விடாமல் மழை பிடித்தால் வீட்டுக்குள் காயும் துணியில் முடை நாற்றம் ஏறிவிடும். அதை அமுக்கத்தான் இந்தத் தீவில் நாம் வாசனையை வாங்குகிறோம். முதலில் வாசனை போட்ட லெசீவ், அதாவது சலவைப் பொருள், அதற்கு மேல் துணியை மெத்தென்று ஆக்கும் அதூசிசான், அதுவும் போதாதென்று குப்பியில் விற்கும் மணமுத்துகள். இத்தனையும் ஏறிய சட்டையை ஜனவரி வெக்கையில் வியர்வையோடு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிகிறோம். கழுத்து மடிப்பிலும் இடுப்பு நாடா அழுத்தும் இடத்திலும் அரிப்பு வந்தால் மட்டும் பழி இறாலுக்கும் கத்தரிக்காய்க்கும் போகிறது. கரப்பான் பண்டமாம்!

கடையில் கிடைப்பதையெல்லாம் தோலின் பக்கம் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது வெள்ளையாக வெளுக்கும் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. துவைத்து அலசி முடித்த பிறகு துணியில் என்ன தங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. தண்ணீரோடு போனது உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

அதற்கு முன் அரிப்பில் இரண்டு வகை உண்டு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று வெறும் எரிச்சல். காரத்தன்மை மிகுந்த சோப்போ சரியாக அலசாத தூளோ தோலில் உரசினால் யாருக்கும் வரும். அளவு கூடினால் கூடும், நிறுத்தினால் அடங்கும். இன்னொன்று உண்மையான தொடு ஒவ்வாமை. இதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு பொருளை நினைவில் குறித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் துளி பட்டாலும் போதும், ஒன்றிரண்டு நாள் கழித்துத் தடிப்பும் நீர்க்கொப்புளமும் கிளம்பும். "பத்து வருஷமா இதே லெசீவ்தானே போடறோம்" என்று சொல்வதில் பயனில்லை. பத்து வருடம் பழகிய பொருளுக்கும் ஒரு நாள் ஒவ்வாமை தொடங்கலாம்.

பிரெஞ்சுக் கையேடுகள் எல்லாம் 'சிவந்த திட்டு' என்றே எழுதும். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கருத்தோ சாம்பல் பூத்தோ சொரசொரப்பாகத் தெரியும், ஆறிய பின் கறுப்புத் தழும்பு மாதக் கணக்கில் நிற்கும். இடமும் துப்புக் கொடுக்கும். அக்குளின் குழியில் அரித்தால் முதல் சந்தேகம் டியோடரண்டின் மேல். குழியை விட்டுவிட்டு ஓரமாக, சட்டைத் தையல் உரசும் இடத்தில் வளையமாக அரித்தால் துணியைச் சந்தேகிக்கலாம். அது லெசீவாகவும் இருக்கலாம், துணியின் சாயமாகவும் இருக்கலாம். புதிதாக வாங்கிய கருநீல, கறுப்பு பாலியெஸ்டர் துணியில் மட்டும் வருகிறதென்றால் லெசீவை மாற்றிப் பிரயோசனமில்லை.

சலவைப் பொருளின் மேல் நாம் போடும் பழி கொஞ்சம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தோல் அழற்சிக்காக வந்த 700-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சலவைத் தூளையும் திரவத்தையும் தோலில் ஒட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வாமை தெரிந்தது 100 பேரில் ஒருவருக்கும் குறைவாக. ஆகவே பெரும்பாலும் நடப்பது, அளவுக்கு மேல் கொட்டிச் சரியாக அலசாமல் விட்ட எரிச்சல்தான். வாசனைப் பொருளுக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் கதை வேறு. தொடு ஒவ்வாமைகளில் நிக்கலுக்கு அடுத்தபடி அடிக்கடி காண்பது அதுதான்.

வாசனைத் திரவம்

இங்கே அதிகம் விற்பது இதுதான். அதன் நல்ல பக்கம்: குளிர்ந்த தண்ணீரிலேயே கரையும், வெள்ளைப் புள்ளி விடாது, தூளைவிடக் காரமும் குறைவு. கெட்ட பக்கம் இரண்டு. ஒன்று வாசனை. இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: திரவம் என்றால் தண்ணீர், தண்ணீர் இருந்தால் அது கெடும், கெடாமலிருக்கப் பதப்படுத்தி போட்டே ஆக வேண்டும். அந்தப் பதப்படுத்திகளில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்று ஒன்று. அமெரிக்கத் தொடு அழற்சி மருத்துவர் சங்கம் 2013-இல் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் கிரீம்களில் அதைப் போட ஐரோப்பா 2017 முதல் தடை விதித்திருக்கிறது. சலவைப் பொருளில் போடத் தடை இல்லை. இயந்திரத்தில் துவைத்து அலசிய துணியில் அது மிகக் குறைவாகத்தான் மிஞ்சும். திரவத்தை வாளியில் ஊற்றி வெறுங்கையால் கசக்குபவர்களின் விரலிடுக்குதான் மாட்டிக்கொள்ளும். அவர்களுக்குக் கையுறை தேவை.

ரீயூனியன் பிரான்சின் மாவட்டம் என்பதால் ஐரோப்பியச் சட்டம் இங்கேயும் செல்லும். 2004-ஆம் ஆண்டின் சலவைப் பொருள் சட்டப்படி, ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருள் 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயரைப் போட வேண்டும். பதப்படுத்தி எவ்வளவு குறைவாக இருந்தாலும் பெயர் போட வேண்டும். டப்பாவின் பின்னால் எறும்பு எழுத்தில் லினலூல், லிமோனீன், ஜெரானியோல், சிட்ரோனெல்லோல், கூமரின் என்று வரிசை கட்டினால் அது வாசனைப் பட்டியல். முன்பக்கத்தில் மலைச்சாரல், பருத்திப்பூ என்று எழுதியிருப்பதை எல்லாம் நான் படிப்பதே இல்லை.

'மென்மையான தோலுக்கு' என்று எழுதிய திரவம்

குழந்தை படம், வெளிர்நீல மூடி, 'இப்போஅலெர்ஜெனிக்' என்ற முத்திரை, கூடுதல் விலை. அந்த முத்திரைக்குச் சலவைப் பொருளில் இறுக்கமான சட்ட விளக்கம் கிடையாது. ஒவ்வாமை வாய்ப்புக் குறையும்படி செய்திருக்கிறோம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார், அவ்வளவுதான். அதே டப்பாவின் பின்பக்கம் 'பர்ஃபூம்' (வாசனை) என்று போட்டிருப்பதும் உண்டு. ஐரோப்பாவின் பூப் போட்ட பசுமை முத்திரையும் சுற்றுச்சூழல் கணக்குதான் முக்கியமாகப் பார்க்கும். அது இருந்தால் வாசனை இருக்காது என்று எண்ண வேண்டாம். நமக்கு வேண்டிய எழுத்து 'சான் பர்ஃபூம்', அதாவது வாசனை இல்லாதது. அது இருந்து, பின்பட்டியலிலும் வாசனை இல்லையென்றால் வாங்கலாம். பதப்படுத்தி மட்டும் அப்படியேதான் இருக்கும்.

வாசனையில்லாத் தூள்

என் ஓட்டு இதற்குத்தான். தூளில் தண்ணீர் இல்லை, ஆகவே பதப்படுத்தி தேவையில்லை. வாசனையும் இல்லாத தூளாகப் பார்த்து எடுத்தால், அடிக்கடி தொல்லை தரும் இரண்டு வகைப் பொருளும் ஒரே அடியில் போய்விடும். விளம்பரம் இல்லாததால் அடுக்கின் கீழ்த்தட்டில் குனிந்து தேட வேண்டியிருக்கும்.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. தூளுக்குக் காரம் அதிகம். குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது. 40 டிகிரி வைத்து, இயந்திரத்தைத் திணிக்காமல் ஓட்ட வேண்டும். வெளுப்பதற்காகப் போடும் பெர்கார்பனேட் வண்ணப் புடவையின் சாயத்தை மெல்ல இறக்கும். கிழக்குப் பக்க ஈரத்தில் அட்டைப்பெட்டியோடு வைத்தால் கல்லாக இறுகும். மூடியுள்ள டப்பாவில் கொட்டி வையுங்கள்.

பலரும் பயப்படுவது தூளிலுள்ள, கறையைச் சிதைக்கும் என்சைமுக்கு. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களின் இறுதியில் என்சைம் தூசியைச் சுவாசித்த சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. பிறகு என்சைமை உறையிட்ட குருணையாக்கினார்கள். அலசிய துணியை உடுத்துபவர்களின் தோலுக்கு அது கேடு செய்வதாகப் பிந்திய ஆய்வுகளில் தெரியவில்லை. கேடு செய்வது பட்டுக்குத்தான். புரதத்தைத் தின்னும் என்சைமுக்குப் பட்டும் கம்பளியும் புரதம்தானே. கல்யாணப் புடவையை இதில் போட்டுவிடாதீர்கள்.

எதை வாங்கினாலும் அளவு விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். எரிமலைப் பாறை வழி இறங்கும் இந்தத் தீவின் தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைந்த மென்னீர். டப்பாவின் பின்னால் மென்னீர், நடுத்தரம், கடினநீர் என்று மூன்று அளவு போட்டிருக்கும். பாரிஸ்காரரின் சுண்ணாம்புத் தண்ணீருக்கான அளவை நாம் ஏன் கொட்ட வேண்டும்? மென்னீருக்கான கோட்டோடு நிறுத்துங்கள். நுரை குறைந்தால் அழுக்குப் போகாது என்பது வெறும் எண்ணம்.

மார்சேய் சோப்பும் வீட்டுத் தயாரிப்பும்

அசல் மார்சேய் கட்டி என்றால் 72 சதவீதம் எண்ணெய் என்ற முத்திரை, தாவர எண்ணெய், வாசனை இல்லை, சாயம் இல்லை. கடினநீரில் சோப்பு திரிந்து படியும். நம் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. கைக்குழந்தையின் துணி, காலர் அழுக்கு, உள்ளாடை ஆகியவற்றைக் கையால் துவைக்க இது நல்லது. ஆனால் சோப்பு என்றாலே காரம்தான், நன்றாக அலச வேண்டும். 'மார்சேய் சோப்பு சேர்ந்தது' என்று எழுதிய திரவங்கள் வேறு சங்கதி. அவற்றில் சோப்பு கொஞ்சம்தான், அந்தப் பெயரில் ஒரு வாசனைதான் தூக்கலாக இருக்கும்.

கட்டியைத் துருவி, சமையல் சோடா சேர்த்து வீட்டிலேயே லெசீவ் செய்வது இப்போது பரவியிருக்கிறது. அதுவரை சரி. கடைசியில் "இயற்கைதானே" என்று பத்துச் சொட்டு ஜெரானியம் எண்ணெய் விடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. லெ தம்போன், மாய்தோ மேட்டு நிலங்களில் காய்ச்சும் நம் ஊர் ஜெரானியம் உலகப் பிரசித்தம், எனக்கும் அதன் மணம் பிடிக்கும். ஆனால் அதன் மணமே சிட்ரோனெல்லோலும் ஜெரானியோலும்தான். கடைத் திரவத்தின் பின்னால் பார்த்துப் பயந்த அதே பெயர்கள். லாவெண்டர் எண்ணெயின் லினலூலோ காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் முன்பைவிட வலிய ஒவ்வாமைப் பொருளாகிவிடும். பாதி காலியாகி மாதக் கணக்கில் நிற்கும் குப்பி இன்னும் மோசம்.

பூந்திக்கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே இயற்கை அங்காடியில் துணிப்பையோடு விற்கிறார்கள். லிச்சியின் குடும்பத்து மரம்தான் அதுவும். பட்டுக்கு அருமை. வியர்வையும் மஞ்சள் கறியும் ஏறிய துணிக்கு ஆகாது.

அதூசிசானா, வினிகரா?

அரிப்பு உள்ள வீட்டில் முதலில் வெளியேற்ற வேண்டியது லெசீவை அல்ல, அதூசிசானை. லெசீவ் தண்ணீரோடு போகச் செய்த பொருள். அதூசிசான் துணியில் ஒட்டிக்கொள்ளவே செய்த பொருள். கடைசி அலசலில் சேர்ந்து அப்படியே நூலில் தங்கும், வாசனையையும் பிடித்து வைக்கும். மணமுத்துகள் இன்னும் ஒரு படி மேல். துண்டு தண்ணீரை உறிஞ்சுவதும் குறையும். இதற்குப் பதில் ஒன்றும் போடாமலிருப்பதே நல்லது என்பேன். ஏதாவது போட்டால்தான் மனம் ஆறும் என்றால் கடைசி அலசலில் கொஞ்சம் வெள்ளை வினிகர். மிஞ்சிய காரத்தை அது அடக்கும். சோப்போடு சேர்த்து ஊற்றினால் சோப்பு பிரிந்து பிசுக்காகிவிடும். ஜாவேலோடு (குளோரின் வெளுப்பு நீர்) ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

முடை நாற்றத்துக்கு வாசனை மருந்தல்ல. ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள்தான் காரணம். துண்டையும் படுக்கை விரிப்பையும் 60 டிகிரியில் ஓட்டி, உடனே எடுத்து விரித்து, மின்விசிறி போட்டுக் காயவைத்தால் போய்விடும்.

சரியாக அலசியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கைவைத்தியம். கடைசி அலசல் தண்ணீரை ஒரு கிண்ணத்திலும் குழாய்த் தண்ணீரை இன்னொன்றிலும் பிடித்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். குழாய்த் தண்ணீர் மஞ்சளாகவே இருக்க, அலசல் தண்ணீர் செம்பழுப்பாக மாறினால் காரம் இன்னும் பாக்கி. இன்னொரு முறை அலசுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. காவடி விரதத்தில் நாள்தோறும் துவைத்து உடுத்தும் வேட்டியின் மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாவதும் இதனால்தான்.

மாற்றிப் பார்ப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் அதூசிசான், அடுத்து வாசனை, அப்புறம் திரவத்திலிருந்து தூள். விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் புதிய முறையில் இரண்டு தடவை துவைத்துவிட்டு மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். தோல் அதற்கு முன் தீர்ப்புச் சொல்லாது. அப்படியும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை கேளுங்கள். முதுகில் ஒட்டி 48 மணி நேரத்தில் ஒரு முறையும், மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுமுறையும் பார்ப்பார்கள். வெக்கைக் காலத்தில் வியர்வையில் ஒட்டு நழுவும், ஜூன் முதல் செப்டம்பருக்குள் நேரம் வாங்கினால் சௌகரியம். போகும்போது வீட்டிலுள்ள எல்லா டப்பாக்களின் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். லெசீவை அப்படியே முதுகில் பூசிப் பார்க்கும் வேலையை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். கரைக்காத சலவைப் பொருளுக்கு எந்தத் தோலும் எரியும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.