இல்லாத கல்லைக் கரைத்த சொட்டு மருந்து: கினிப்பன்றி வளர்ப்பவர்கள் கவனிக்க

கினிப்பன்றிக்கு 'சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கும் மூலிகைச் சொட்டு' என்று இணையத்தில் விற்கிறார்களே, அதை வாங்கும் யோசனையில் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். விற்றவர் பெயரையோ எங்களை அலைக்கழித்த கிளினிக் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. இந்தப் பெயர் போனால் நாளைக்கே இன்னொரு பெயரில் வரும். இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் சிட்டு பெண், நடுவயது. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் முதுகைக் கூனிக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கி, மெல்லிசாக நீட்டி ஒரு கீச்சுச் சத்தம் போட ஆரம்பித்தது. புல் பையின் சரசரப்பு கேட்டால் போடும் கூப்பாடு வேறு, இது வேறு, ஒரு தடவை கேட்டவர்களுக்குக் குழப்பமே வராது. கூண்டில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் வழக்கமான பெரிய ஈரத்துக்குப் பதிலாகப் பொட்டுப் பொட்டாகச் சின்ன ஈரங்கள், அதில் ஒன்றிரண்டு இளஞ்சிவப்பு.

'எல்லாச் சிறு பிராணிகளுக்கும் சிகிச்சை' என்று பலகை மாட்டியிருந்த கிளினிக்குக்குப் போனோம். வயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லி ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனை கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. அந்த இளஞ்சிவப்பு நிறம் ரத்தமா என்றுகூடப் பார்க்கவில்லை. கினிப்பன்றியின் சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் நிறமிகளால் சில நேரம் அது ஆரஞ்சாகவும் செம்மையாகவும் தெரியும், ஒரு டிப்ஸ்டிக் அட்டையை நனைத்தால் ரத்தமா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். பெண்ணாக இருந்தால் கருப்பையிலிருந்து கசியும் ரத்தம்கூடச் சிறுநீரோடு கலந்து வந்து ஏமாற்றும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, ஆனால் பலகை மாட்டியவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை.

சரி, மருந்து கொடுத்த சில நாளில் சத்தம் நின்றது. மருந்து கேட்டுவிட்டது என்று நினைத்தோம். கொஞ்ச நாளில் மறுபடி அதே கீச்சு. மறுபடி போனால் மறுபடி அதே மருந்து, இந்த முறை இன்னும் நீண்ட கோர்ஸ். மறுபடி அடங்கியது, மறுபடி வந்தது.

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்பட்ட சிறுநீர்ப்பை அழற்சியில், முக்கியமாகக் கிருமியே இல்லாமல் வரும் வகையில், வலி ஏறும், தானாகவே இறங்கும், அப்புறம் மறுபடி ஏறும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். அந்த நேரத்தில் என்ன கொடுத்தாலும், சும்மா தண்ணீரைக் கொடுத்தாலும்கூட, சில நாளில் இறங்கத்தான் போகிறது. இறங்கியதும் கொடுத்தவருக்குப் பெயர், திரும்ப வந்தால் 'கோர்ஸ் போதவில்லை'. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே அந்த கிளினிக்கும் சம்பாதித்தது, சொட்டு மருந்துக்காரரும் சம்பாதித்தார்.

கிளினிக் கதையில் மோசமான கட்டம் இன்னும் இருக்கிறது. ஒரு முறை 'மருந்தை மாற்றிப் பார்ப்போம்' என்று வாயில் ஊற்றும் ஒரு சிரப்பைக் கொடுத்தார்கள். லேபிளைப் பார்த்தால் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக். கினிப்பன்றிக்கு இது ஆகாது என்று எங்கேயோ படித்த ஞாபகம் இருந்ததால் கேட்டேன். 'நாய், பூனைக்கெல்லாம் தினமும் கொடுக்கிறோம், ஒன்றும் ஆகாது' என்று பதில். அதை நாங்கள் கொடுக்கவில்லை. நாய் வேறு, கினிப்பன்றி வேறு ஐயா! பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் இவற்றையெல்லாம் கினிப்பன்றிக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி, நஞ்சு கக்கி, பேதியாகி உயிரே போகலாம். கிருமிதான் காரணம் என்று தெரிந்தால் வழக்கமாக இதற்குக் கொடுப்பது ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா, இல்லையென்றால் என்ரோஃப்ளாக்சசின். மருத்துவர் சீட்டில் எழுதும் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அந்த இடைவெளியில்தான் சொட்டு மருந்து வந்தது. விளம்பரத்தில் கொழுகொழுவென்று ஒரு கினிப்பன்றி, கீழே 'கல் கரைந்தது, ஆபரேஷன் தேவையில்லை' என்று வரிசையாகப் பாராட்டுகள். செய்தி அனுப்பிக் கேட்டதும் உடனே பதில். எக்ஸ்ரே இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'கீச்சுச் சத்தம் இருக்கிறதா? ரத்தம் வருகிறதா? அப்படியென்றால் கல்தான்' என்று அவரே முடிவு செய்துவிட்டார். வலி மருந்து எதுவும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, மூலிகையின் வேலை கெட்டுவிடும் என்றும் ஒரு கட்டளை. புட்டி வந்தது. பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி, அழகான லேபிள், இலைப் படம், 'நூறு சதவீதம் இயற்கை'. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. தயாரித்த தேதி அச்சிட வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதைச் சுரண்டினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், சர்க்கரைப் பாகு.

வழக்கம்போல வலி அடங்கியது. சரியாக அந்த வாரத்தில் விற்றவரிடமிருந்து செய்தி, 'ஐந்து நட்சத்திரம் போடுங்கள், அடுத்த புட்டிக்குத் தள்ளுபடி'. அந்தப் பாராட்டுகளெல்லாம் எந்த வாரத்தில் எழுதப்பட்டவை என்று அப்போது புரிந்தது. மறுபடி சிட்டு கூனிக்கொண்டு உட்கார்ந்தபோது கேட்டால், 'கல் உடைந்து வெளியேறும்போது அப்படித்தான் வலிக்கும், டோஸை இரட்டிப்பாக்குங்கள்' என்றார். வலி குறைந்தாலும் மருந்தின் மகிமை, கூடினாலும் மருந்தின் மகிமை!

கடைசியில் முயல், கினிப்பன்றி மட்டுமே பார்க்கும் ஒரு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார். கினிப்பன்றியின் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சிட்டுவுக்குக் கல்லே இல்லை. ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருந்தது. ஊசியால் நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த மாதிரியை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார், எதுவும் வளரவில்லை. கிருமி இல்லாத நாள்பட்ட அழற்சி. பொறுமையாகப் படம் போட்டே விளக்கினார். நாய், பூனைக்கு வரும் ஸ்ட்ரூவைட் வகைக் கல்லைச் சிறப்பு உணவால் கரைக்க முடியும், கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க மருந்தே கிடையாது, இருந்தால் எடுக்கத்தான் வேண்டும் என்றார். அதாவது, கல் இருந்திருந்தாலும் அந்தப் புட்டியால் ஒன்றும் நடந்திருக்காது.

எக்ஸ்ரே படத்தை விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வந்த பதில்: 'பார்த்தீர்களா, கல் முழுக்கக் கரைந்துவிட்டது! இந்தப் படத்தை எங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா?' அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். பணம் வரவில்லை.

இப்போது சிட்டுவுக்கு நடப்பது ரொம்பச் சாதாரண விஷயங்கள். முதல் வேலை வலியைக் குறைப்பது. மெலாக்சிகம், அதுவும் மருத்துவர் எடை பார்த்து எழுதிய அளவில். இதில் ஒரு எச்சரிக்கை: இந்தத் திரவம் மில்லிக்கு 0.5 மில்லிகிராம் என்றும் வருகிறது, 1.5 என்றும் வருகிறது. 'அதே மருந்துதான்' என்று புட்டி மாறினால் டோஸ் மூன்று மடங்காகிவிடும், இல்லையென்றால் மூன்றில் ஒன்றாகிவிடும். லேபிள் கிழித்த புட்டியில் ஊற்றித் தரும் எந்த மருந்தையும் வாங்காதீர்கள்.

குளுக்கோசமைன் பற்றிக் கேட்பீர்கள். சிறுநீர்ப்பையின் உள்பூச்சைச் சரிசெய்யும் என்று பலர் கொடுக்கிறார்கள். எங்கள் மருத்துவர் 'கொடுத்துப் பார்க்கலாம், பெரிதாக நம்ப வேண்டாம்' என்றார். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் இதேபோன்ற அழற்சி உள்ள 40 பூனைகளை எடுத்துச் சிலவற்றுக்குக் குளுக்கோசமைனும் மற்றவற்றுக்கு வெற்று மருந்தும் 6 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டு பக்கத்துப் பூனைகளும் தேறின, சொல்லும்படி வித்தியாசமில்லை. ஈர உணவுக்கு மாறியதுதான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். எனக்கு அதைப் படித்தபோது அந்த ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள்தான் ஞாபகம் வந்தன.

ஆக, தண்ணீர்தான் முக்கியம். காய்கறியைக் கழுவித் துடைக்காமல் சொட்டச் சொட்டக் கொடுக்கிறோம், கூண்டில் மாட்டும் தண்ணீர்ப் புட்டியோடு ஒரு கிண்ணத்திலும் தண்ணீர் வைக்கிறோம். காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கும். அல்ஃபால்ஃபா எனும் குதிரைமசால், வளர்ந்த கினிப்பன்றிக்கு வேண்டாம், கால்சியம் அதிகம். இவற்றின் உடல் உணவிலிருந்து கால்சியத்தைத் தாராளமாக உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும். அதற்காகக் கால்சியத்தை அடியோடு நிறுத்தச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். வைட்டமின் சி தினமும் வேண்டும், கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம், அதைக் குடைமிளகாயிலோ மாத்திரையிலோ கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் பொடி என்று அதே விற்பனையாளர் இன்னொன்றும் தள்ளப் பார்த்தார். தண்ணீரில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும், சுவை மாறினால் சிட்டு குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். கிரான்பெர்ரி கலந்து சிறுநீரை அமிலமாக்குகிறேன் என்பதும் இதே ரகம். புல் தின்னும் இந்தப் பிராணிக்குச் சிறுநீர் காரத்தன்மையோடு இருப்பதுதான் இயல்பு.

வலி இன்னும் அவ்வப்போது வருகிறது. வரும் என்று அந்த மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார், 'குணமாக்குகிறேன்' என்று அவர் சொல்லவே இல்லை. சமையல் தராசில் எடை பார்த்துக் குறித்து வைக்கிறோம், எடை இறங்கினாலோ புழுக்கை சிறுத்தாலோ போன் செய்கிறோம்.

உங்கள் கையில் இப்போது அந்தப் புட்டி இருந்தால் நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள், எடுத்த படத்தின் நகலை கிளினிக்கில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமாக்சிசிலின் ஏற்கெனவே வாயில் கொடுத்திருந்தால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே விவரம் தெரிந்த மருத்துவரைக் கூப்பிடுங்கள், பேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆண் கினிப்பன்றி முக்கிமுக்கி ஒரு சொட்டுகூட வராமல் தவித்தால் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம், அதற்குச் சொட்டு மருந்து விற்பவரிடம் செய்தி அனுப்பிக்கொண்டிருக்க நேரமில்லை, இரவானாலும் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.