23,60,000 ரூபாய் போச்சு: பழைய ஸ்லைடிங் ஹெட் வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

கோபத்துலதான் எழுதறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. ஸ்லைடிங் ஹெட் மெஷின் (நீளமான மெல்லிசு பீஸ் கடையற ஒரு வகை சிஎன்சி லேத்) இறங்கி இன்னைக்கு 19 நாள். டிராயிங் படி ஒரு பீஸ் முழுசா வெளியே வரல. விலை 20 லட்சம், 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,60,000, ஆக 23,60,000 ரூபாய். பேர் போட மாட்டேன், போட்டா அது வேற வம்பு. பழைய மெஷின் விளம்பரம் வர்ற ஒரு இணையதளம், அதுல வெளிநாட்டு மெஷின் இறக்கி விக்கிற ஒரு வெளியூர் டீலர். இவ்வளவு போதும்.

ஜாப் என்னன்னு தெரிஞ்சாதான் எங்கே ஏமாந்தோம்னு புரியும். எஸ்எஸ் 316எல், 10 மி.மீ பார், நீளம் 46. முன்முகத்துல நீள்வட்டமா ஒரு சின்ன மேடு. நடுவுல 5 மி.மீ கழுத்து, 30 மி.மீ நீளம், அதுல 1.5 மி.மீ குறுக்குத் துளை ரெண்டு. பின்பக்கம் எம்6 உள்மரை, பின்முகத்துல 1.2 மி.மீ அகலத்துல ரெண்டு பள்ளம், ரெண்டுக்கும் நடுவே 37 டிகிரி. சாதா சக் லேத்துல அந்தக் கழுத்தைத் தொட்டாலே வளையும். ஸ்லைடிங் ஹெட்ல பாரைப் பிடிச்ச ஹெட்ஸ்டாக்கே நகரும், பார் கைடு புஷ்ங்கற தாங்கு வளையம் வழியா வெளியே வரும், டூல் புஷ்ஷுக்கு ஒட்டியே வெட்டும், அதனால வளைய இடமில்லை. லேத், விஎம்சி (மில்லிங் பண்ற சிஎன்சி மெஷின்)ன்னு மூணு செட்டிங் போட்டா ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் கோணம் கொஞ்சம் போகும். அதனாலதான் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒரே மெஷின்ல முடியணும்னு தேடினோம்.

கொட்டேஷன்ல எழுதிக் கொடுத்தது இது: 20 மி.மீ பார், மெயின், சப் (பின்பக்க வேலைக்குப் பீஸை வாங்கிப் பிடிக்கறது) ரெண்டு ஸ்பிண்டில்லயும் சி ஆக்ஸிஸ் (எந்தக் கோணத்துக்கும் திருப்பி நிறுத்தறது), ஒய் ஆக்ஸிஸ் (டூல் குறுக்கே நகர்றது), ரெண்டு பக்கமும் லைவ் டூல் (தானே சுத்தற டூல்), ஜி12.1 (ஸ்பிண்டிலைத் திருப்பிக்கிட்டே முகத்துல வடிவம் வெட்டற கோடு) உண்டு. இவ்வளவும் இருந்தா மேலே சொன்ன ஜாப் ஒரே பிடியில விழும். 2,36,000 அட்வான்ஸ் போட்டுட்டு டெமோ பார்க்கப் போனது.

நம்பினது எப்படின்னா, அந்த ஆள் எதையும் மறைக்கல. மறைக்காத மாதிரியே எல்லாம் செஞ்சார். நாம கேக்கறதுக்கு முன்னாடியே ஃபானுக் கன்ட்ரோல்ல (மெஷினை ஓட்டற கம்ப்யூட்டர்) பாராமீட்டர் பக்கத்தைத் திறந்து 6750-ஐக் காட்டினார். பவர் ஆன் நேரம், நிமிஷக் கணக்கு. 5,52,000. "அறுபதால வகுத்துக்கோங்க சார், 9,200 மணி நேரம். ஜப்பான்காரன் ஒரு ஷிஃப்ட்தான் ஓட்டியிருக்கான்" அப்படின்னார். அப்புறம் பித்தளை பார்ல பத்து பீஸ் ஓட்டி, மைக்ரோமீட்டரைக் கையில கொடுத்து, "என்னை நம்பாதீங்க, நீங்களே அளந்து பாருங்க" அப்படின்னார். அளந்தது. பத்தும் 5 மைக்ரானுக்குள்ள. அந்த வார்த்தைலதான் விழுந்தது. மறுநாளே மீதி 21,24,000 ஆர்டிஜிஎஸ்.

இப்ப அந்த டெமோவைப் பிரிச்சுப் பாருங்க. பித்தளை, அதை வெட்டறதுக்கு மெஷினுக்கு முதுகெலும்பே வேண்டாம். நீளம் 18 மி.மீ. சப் ஸ்பிண்டில் பீஸை வாங்கிக் கீழே போட்டதோட சரி, பின்பக்கம் ஒரு வேலையும் செய்யல. மில்லிங்கே இல்லை. இதைக் கேட்டிருக்கணும், கேக்கல.

மெஷினை இறக்கி, லெவல் பார்த்து, 415 வோல்ட்டை 200-ஆ இறக்க டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி (அதுவும் தனிச் செலவு), நிஜ ஜாப்பைப் போட்டதும் ஒவ்வொண்ணா கழண்டுச்சு.

ஜி12.1 போட்டதும் 010 அலாரம். தவறான ஜி கோடுன்னு அர்த்தம், ஆனா கோடு தப்பில்லை. அந்த ஆப்ஷன் இந்தக் கன்ட்ரோல்ல திறக்கப்படவே இல்லை. முன்முக நீள்வட்டம் அதோட காலி.

அடுத்தது சப் ஸ்பிண்டில். அதுல சி ஆக்ஸிஸே கிடையாது. 15 டிகிரிக்கு ஒரு நிலைன்னு 24 இடத்துல பின் விழுந்து நிக்கிற இன்டெக்ஸ் மட்டும்தான். 37-ஐ 15-ஆல எப்படி வகுத்தாலும் வராது. மெயின்ல சி இருக்கே, கோணத்தைத் தள்ளி வெச்சு சப்ல பிடிச்சுக்கலாமேன்னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க. முதல் பள்ளத்துக்கு அது சரி. ரெண்டாவது பள்ளம் அதுலேர்ந்து 37 டிகிரி தள்ளி இருக்கே, அதுக்கு சப்தான் திரும்பணும். நடக்காது.

மூணாவதுதான் வயித்தெரிச்சல். கழுத்து நீளம் ஒரு பீஸுக்கு ஒரு மாதிரி வந்துச்சு. ஹெட்ஸ்டாக்ல டயல் கேஜ் வெச்சு, 20 மி.மீக்கு ஒரு இடமா முன்னாடியிருந்து வந்து ஒரு தடவை, பின்னாடியிருந்து வந்து ஒரு தடவை அளந்தோம். பின்கோடியில பேக்லாஷ் (திசை மாறும்போது வர்ற தளர்வு) 4 மைக்ரான். கைடு புஷ் பக்கம் 38 மைக்ரான். ஸ்லைடிங் ஹெட்ல இது சகஜமான நோய். வருஷக்கணக்கா ஒரே சின்ன பீஸை ஓட்டினா, பால் ஸ்க்ரூ (ஹெட்ஸ்டாக்கை நகர்த்தற திருகு) முழுக்கத் தேயாது, அந்தக் கொஞ்ச இடம்தான் தேயும். பேக்லாஷ் ஈடு கட்டற 1851 பாராமீட்டர் ஆக்ஸிஸ் முழுக்க ஒரே மதிப்புதான் எடுத்துக்கும். தேய்ஞ்ச இடத்துக்கு 38 கொடுத்தா நல்ல இடத்துல 34 மைக்ரான் மிஞ்சும். ஸ்க்ரூவை மாத்தறதுதான் சரியான வழி. டெமோவுல அந்த 18 மி.மீ பீஸை ஸ்க்ரூவோட நல்ல பக்கத்துலயே ஓட்டிக் காட்டியிருக்காங்க.

அப்பதான் 6712-ஐயும் பார்க்கத் தோணுச்சு. அது மொத்த பீஸ் எண்ணிக்கை. 61 லட்சத்துச் சொச்சம். 9,200 மணி நேரத்துல 61 லட்சம் பீஸ்னா, ஒரு பீஸுக்கு ஐந்தரை வினாடிகூட இல்லை. மெஷின் சும்மா நின்ன நேரத்தையும் சேர்த்துதான் இந்தக் கணக்கு! வெறும் கட்-ஆஃப் (பாரைத் துண்டா வெட்டறது) மட்டும் அடிச்சாலும் கட்டுப்படி ஆகாது. 6750-ஐ, பாராமீட்டரை மாத்த அனுமதிக்கற ஸ்விட்சை ஆன் பண்ணிட்டு யார் வேணும்னாலும் மாத்தலாம். மாத்தினவர் 6712-ஐ மறந்துட்டார்.

இனி ஃபோன் படலம். இவங்க சொன்ன ஒவ்வொரு சாக்குலயும் பாதி உண்மை இருக்கு, அதனாலதான் நாள் ஓடிச்சு.

"வார்ம்-அப் பத்தலை சார்." ஒரு மணி நேரம் ஓட்டினா விட்டம் நிலைக்கும், நிஜம். பேக்லாஷ் சூட்டுல சரியாகாது.

"உங்க பார் சரியில்லை." கைடு புஷ்ஷுக்கு பார் முக்கியம், நிஜம். 10 மி.மீல எச்9 (விட்டம் எவ்வளவு குறையலாம்ங்கற தரம்) பார்னா 36 மைக்ரான் வரைக்கும் மெலிஞ்சு வரலாம், புஷ்ஷுக்குள்ள ஆடும். காசு போட்டு சென்டர்லெஸ் கிரைண்டிங் பண்ணின எச்7 பார், 15 மைக்ரானுக்குள்ள, வாங்கிப் போட்டோம். கழுத்து நீளம் அப்படியேதான் ஆடுச்சு. பாருக்கும் நீளத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டதுக்கு, "இன்ஜினியர் கூப்பிடுவார்." கூப்பிடல.

"உங்க ஆபரேட்டருக்கு ஸ்லைடிங் ஹெட் பழக்கமில்லை." 15 டிகிரி பின்னை எந்த ஆபரேட்டர் வந்து 37-ல நிறுத்துவாராம்?

"ஆப்ஷன்தானே, கன்ட்ரோல் கம்பெனியில பணம் கட்டினா திறந்து விடுவாங்க." யார் பணம்? ஜி12.1-ஐ வேணா அப்படித் திறக்கலாம். சப்ல சி ஆக்ஸிஸ்ங்கறது சாவி போட்டுத் திறக்கற சமாச்சாரம் இல்லை. மோட்டார், என்கோடர், பிரேக் எல்லாம் அதுக்குன்னு இருக்கணும்.

கடைசியா ஃபோனை எடுத்தவர் வேற ஆள். "பில்லைப் பாருங்க, இருக்கற இடத்துல, இருக்கற நிலையிலன்னு போட்டிருக்கு." பார்த்தோம். அடியில பொடி எழுத்துல இருக்கு. அத்தனை ஆப்ஷனும் கொட்டேஷன்லதான், பில்லுல "பழைய சிஎன்சி லேத் - 1", அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக், பதில் இல்லை. இணையதளத்துக்கு எழுதினா, "நாங்க விளம்பரம் மட்டும்தான் போடறோம், வியாபாரம் உங்க ரெண்டு பேருக்குள்ள" அப்படின்னு ரெண்டு வரி. இன்னைக்குக் காலைல பார்த்தா அதே தளத்துல அதே போட்டோ, வேற மாடல் பேர், வேற விலை.

போதாக்குறைக்கு 3,60,000 ஜிஎஸ்டியும் தொங்குது. பில் அவங்க ரிட்டர்ன்ல ஏறினாதான் நம்ம 2பியில (ஜிஎஸ்டி தளத்துல நம்ம பேர்ல வர்ற வாங்கின பில் பட்டியல்) காட்டும், காட்டினாதான் கிரெடிட் எடுக்க, அதாவது அந்த வரியைக் கழிச்சுக்க முடியும். இந்த நிமிஷம் வரைக்கும் காட்டல. ஆக முழுசா 23,60,000. ஸ்க்ரூ, டிரான்ஸ்ஃபார்மர், பார் செலவெல்லாம் இதுல சேர்க்கல.

எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு வரிசையா விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப வக்கீலைப் பார்க்கக் கிளம்பணும். மனசுல வர்றதை மட்டும் சொல்லிடறேன்.

டெமோ உங்க ஜாப், உங்க மெட்டீரியல்ல. பின்பக்க வேலை உட்பட. பித்தளை காட்டினா எழுந்து வந்துடுங்க. ரெண்டு மணி நேரமாவது விடாம ஓட்டச் சொல்லி, முதல் பீஸையும் கடைசி பீஸையும் சேர்த்து அளக்கணும்.

எம்டிஐல (கையால ஒரு வரி அடிச்சு ஓட்டற மோடு) சப் ஸ்பிண்டிலை 1 டிகிரி திருப்பச் சொல்லுங்க. திரும்பினா சி ஆக்ஸிஸ், இல்லைன்னா இன்டெக்ஸ். ஜி12.1-ஐ அங்கேயே அடிச்சுப் பாருங்க, 010 வந்தா வந்ததுதான்.

டயல் கேஜ் கொண்டு போங்க. இசட்டை (ஹெட்ஸ்டாக் நீளவாக்குல நகர்ற ஆக்ஸிஸ்) ஒரு இடத்துல பார்த்து ஏமாறாதீங்க.

6750-ஐயும் 6712-ஐயும் சேர்த்துப் பாருங்க. ஜப்பான் மெஷின் சிலதுல இடத்தை விட்டு நகர்த்தினாலே பூட்டிக்கற கருவி இருக்கும், தயாரிச்ச கம்பெனிதான் திறக்கணும். இருக்கான்னு எழுத்துல கேளுங்க.

ஆப்ஷன் பட்டியல் பில்லுலயே ஏறணும். கடைசித் தவணை, நம்ம ஷெட்ல நல்ல பீஸ் விழுந்து, 2பியில பில் தெரிஞ்ச பிறகு. அதுக்கு ஒத்துக்காத ஆள்கிட்ட மெஷின் எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம்.